பழைய வாடிக்கையாளருக்குச் சலுகை தராத செஸ் மென்பொருளைத் தொடர்ந்து அப்கிரேடு செய்வது சரியா?

ஒரே செஸ் டேட்டாபேஸ் புரோகிராமைப் பல பதிப்புகளாக வாங்கி வந்தேன், இந்த முறை அப்கிரேடு விலைக்கும் புதிதாக வாங்குகிறவர் கொடுக்கும் விலைக்கும் பெரிய வித்தியாசமே இல்லை, இத்தனை வருட விசுவாசத்துக்கு மதிப்பே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த நிறுவனம் என்று நீங்கள் சொல்லவில்லை. நானும் என்னுடையது எது என்று சொல்லப் போவதில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், வருடக்கணக்கில் சேர்த்த ஆட்டங்களும் குறிப்புகளும் அந்தப் புரோகிராமுக்குள் இருக்கின்றன என்று நினைக்கிறேன். அதனால்தான் ‘போங்கடா’ என்று எழுந்து வர முடியவில்லை. விலை போடுகிறவருக்கும் அது நன்றாகத் தெரியும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறவன். ஒரு புரோகிராமின் பதிப்புகளை வரிசையாகக் காசு கொடுத்து வாங்கியவன். திருட்டு நகல் ஒருநாளும் வைத்ததில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கீழே யாராவது வந்து “இவர் ஓசியில் கேட்கிறார்” என்று ஆரம்பிப்பார்கள்.

அன்றைக்கு அப்படி வாங்கியதில் அர்த்தம் இருந்தது. புதுப் பதிப்பு வந்தால் உள்ளே இருக்கும் எஞ்சின், அதாவது நகர்வுகளைக் கணக்கிட்டுச் சொல்லும் பகுதி, முந்தையதைவிடப் பலமாக இருக்கும், வேறு எங்கும் அது கிடைக்காது. 2006-ல் அன்றைய உலக சாம்பியன் கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸ் என்ற செஸ் புரோகிராமிடம் 4-2 என்று தோற்றார். 1997-ல் காஸ்பரோவை வென்ற டீப் ப்ளூ, ஐபிஎம் இதற்கென்றே கட்டிய தனி இயந்திரம். டீப் ஃபிரிட்ஸ் அப்படியல்ல, அதே பெயரில் கடைக்கு வந்த சரக்கு. அந்த வலு நம் மேஜைக்கு வருகிறது என்றால் யார்தான் பர்ஸைத் திறக்க மாட்டார்கள்?

அப்புறம் நடுவில் சில பதிப்புகளை விட்டுவிட்டேன். மெனு இடம் மாறியிருந்தது, பலகைக்குப் புது நிறம் வந்திருந்தது. அதற்காக வாங்கத் தோன்றவில்லை. பிறகு வந்த ஒரு பதிப்பில் தேடும் வசதி உண்மையிலேயே நன்றாக இருந்தது. வாங்கலாம் என்று அப்கிரேடு பக்கத்துக்குப் போனேன். பழைய சீரியல் எண்ணைக் கேட்டது. அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்து, உள்ளே ஒட்டியிருந்த தாளில் இருப்பது பூஜ்யமா ‘ஓ’-வா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தட்டினேன். இந்த எண்ணுக்குச் சலுகை கிடையாது என்று வந்தது. மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டால், இதற்கு நேர் முந்தைய பதிப்பை வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அப்கிரேடு விலை, மற்றவர்கள் முழு விலை கொடுக்க வேண்டும் என்று பதில். கடைசி வரியில் என் நீண்டகால ஆதரவுக்கு நன்றி வேறு.

கொஞ்ச நாளில் ஆண்டிறுதித் தள்ளுபடி வந்தது. யார் வேண்டுமானாலும் வாங்கலாம், முழுப் பதிப்பே அப்கிரேடு விலையைவிடக் குறைவு! ஆக, ஒரு பதிப்பையும் விடாமல், வெளியான அன்றே காசு கட்டியவர்தான் எல்லோரையும்விட அதிகம் கொடுத்தவர். நேற்றுவரை அந்தப் பெயரையே கேள்விப்படாதவருக்குத்தான் மலிவு. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள், இங்கே புளித்தது அவர்களுக்கு.

நிறுவனத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. ஒருமுறை விற்றுவிட்டால் அடுத்த பதிப்புவரை அந்த ஆளிடமிருந்து பைசா வராது. காசு கொடுத்து செஸ் புரோகிராம் வாங்குகிற கூட்டமும் சின்னது. எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமென்றால் பழைய ஆட்களிடமே திரும்பத் திரும்ப விற்றாக வேண்டும், இல்லாவிட்டால் சந்தாவுக்கு மாற வேண்டும். எல்லாம் புரிகிறது. ஆனால் அப்படித் திரும்பத் திரும்ப வாங்குகிற ஆளிடமே கூடுதலாகக் கறப்பது எந்த ஊர் கணக்கு?

இதில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எஞ்சினுக்காகக் காசு கொடுக்க வேண்டிய காலம் போய்விட்டது. 2008-ல் வெளிவந்த ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின் இலவசம், அதன் மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. 2020 செப்டம்பரில் வந்த 12-ஆம் பதிப்பில், ஜப்பானிய சதுரங்கமான ஷோகி நிரல்களில் முதலில் வந்த நரம்பு வலை (நியூரல் நெட்வொர்க்) உத்தியையும் சேர்த்துவிட்டார்கள். எந்த மனிதரும் அதை எதிர்த்து நிற்க முடியாது. எஞ்சினும் புரோகிராமும் பேசிக்கொள்வதற்கென்று 2000-ல் வந்த யுசிஐ என்ற பொது நெறிமுறையால் உங்கள் பழைய புரோகிராமிலேயே அதை மாட்டிக்கொள்ளலாம். அதனால் விளம்பரத்தில் ‘புதிய பலமான எஞ்சின்’ என்று இருந்தால் அந்த வரியைத் தாண்டிப் போங்கள். தேடுதல், ஆட்டங்களை வகைப்படுத்துதல், புது ஆட்டங்களைச் சேர்த்துத் தருதல் இவற்றுக்குத்தான் காசு. உங்களுக்கு அவை வேண்டுமா என்று மட்டும் பாருங்கள்.

எதை முடிவு செய்தாலும், அதற்கு முன் உங்கள் ஆட்டங்கள் எல்லாவற்றையும் பிஜிஎன் (PGN) என்ற பொது வடிவக் கோப்பாக வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். அது வெறும் எழுத்துக் கோப்பு, எந்தப் புரோகிராமும் படிக்கும். நான் முதலில் எடுத்தபோது நகர்வுகள், கிளை வரிசைகள், ஆச்சரியக்குறிகள் எல்லாம் ஒழுங்காக வந்தன. தமிழில் எழுதிய குறிப்புகள் மட்டும் வரிசையாகக் கேள்விக்குறிகளாக மாறியிருந்தன. பிஜிஎன் விதிமுறை எழுதப்பட்ட காலத்து எழுத்துத் தொகுதியில் தமிழுக்கு இடமில்லை. செஸ் குறிப்பில் கேள்விக்குறி என்றால் மோசமான நகர்வு என்று பொருள். ‘இங்கே யானையைத் திறந்த வரிசைக்குக் கொண்டுவா’ என்று நான் எழுதிய இடத்தில், பிள்ளை ஆடிய ஒவ்வொரு நகர்வும் படுமோசம் என்பது போல நிற்கிறது! ஏற்றுமதிப் பெட்டியில் யுடிஎஃப்-8 (UTF-8, தமிழையும் சேமிக்கும் எழுத்துக் குறியீட்டு முறை) என்று ஒரு தேர்வு ஒளிந்திருக்கும், அதைத் தட்டிவிட்டு எடுங்கள். குரல் பதிவு, பயிற்சிக் கேள்வி போன்றவை எனக்கு அப்படியும் வரவில்லை. அவற்றைத் தனியாக எழுதி வைத்தேன்.

எஞ்சின் என்றதும் ஒரு எரிச்சலையும் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை. இப்போதெல்லாம் நேரலையில் ஆட்டம் பார்க்கிறவர்கள் பலகையைப் பார்ப்பதில்லை, யார் கை ஓங்கியிருக்கிறது என்று எஞ்சின் காட்ட, ஓரத்தில் ஏறி இறங்கும் அந்தப் பட்டையைத்தான் பார்க்கிறார்கள். பட்டை கொஞ்சம் இறங்கினால் போதும், ஒரு கிராண்ட்மாஸ்டரை “இதுகூடத் தெரியலையா” என்று எழுதிவிடுகிறார்கள். பட்டையை மறைத்துவிட்டு அடுத்த நகர்வைச் சொல் என்று என் மாணவர்களிடம் கேட்டால் ஒரே மௌனம். சரி, அதை விடுங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். முந்தைய பதிப்பு ஒழுங்காக ஓடுகிறது, புதிதில் நீங்கள் தினமும் தொடப்போகிற வசதி எதுவும் இல்லை என்றால் வாங்காதீர்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வெளியான அன்று போகாமல் தள்ளுபடி வரும்வரை காத்திருங்கள். அப்போது அப்கிரேடு பக்கத்தை மறந்துவிட்டுப் புது ஆளாக முழுப் பதிப்பின் விலையைப் பாருங்கள், பல நேரம் அதுவே குறைவாக இருக்கும். பழைய லைசென்ஸும் கையில் நிற்கும்.

“இவ்வளவு பேசுகிற நீங்கள் ஏன் இன்னும் அதே புரோகிராமை வைத்திருக்கிறீர்கள்” என்று ஒருவர் கேட்பார், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அது காசு கொடுத்து வாங்கிய பதிப்பு, இன்னும் ஓடுகிறது. புது ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடாமல் போனால் இலவச டேட்டாபேஸ் ஒன்றுக்குப் போய்விடுவேன், கோப்புகள் தயாராகத்தான் இருக்கின்றன.