ஆறு ஓஸ்மியம், 84 எலக்ட்ரான்: எண்முகி ஏன் வரவில்லை?

ஆறு ஓஸ்மியம் அணுக்கள் பிணைந்த Os₆(CO)₁₈ கொத்தில் 84 எலக்ட்ரான்தான் வருகிறது, எண்முகிக்கு (ஆறு முனை, எட்டு முக வடிவம்) 86 வேண்டுமே, கணக்கில் பிழையா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கணக்கில் பிழையில்லை. ஆறு ஓஸ்மியமும் 18 கார்பனைலும் (CO) சேர்ந்த நடுநிலைக் கொத்துக்கு 6×8 = 48, 18×2 = 36, மொத்தம் 84 எலக்ட்ரான்தான். எண்முகிக்கு 86 வேண்டும் என்பதும் சரி. ஆறு அணு என்றாலே எண்முகி என்று எடுத்துக்கொண்டதுதான் சிக்கல்.

வேட்–மிங்கோஸ் விதி, உலோக அணுக்களின் கூட்டைப் பிணைக்கும் எலக்ட்ரான் சோடிகளை எண்ணி வடிவத்தைக் கணிக்கிறது. அதன்படி ஓர் உலோக அணுவுக்கு 12 வீதம் 72-ஐக் கழியுங்கள். மிஞ்சும் 12, அதாவது 6 சோடி. எண்முகி 7 கேட்கும். 6 சோடி ஐந்து முனை முக்கோண இருபிரமிடுக்கு உரியது. ஆறாவது ஓஸ்மியம் அதன் ஒரு முகத்தின் மேல் தொப்பியாக உட்காருகிறது. தொப்பி அணு புதிதாகச் சோடி கேட்காது, மொத்தத்தில் 12-ஐ மட்டும் கூட்டும்: இருபிரமிடின் 72 (5×12 + 6×2) + தொப்பியின் 12 = 84. எக்ஸ்-கதிர் படிக அமைப்பும் இதையே காட்டுகிறது.

இரண்டு எலக்ட்ரான் ஏற்றினால் (2− அயனி) 86 ஆகிறது, கூடு உண்மையிலேயே எண்முகியாக மாறிவிடும். அழகான சான்று இது.

ஆனால் ஒன்றில் கவனம் தேவை: அந்த அயனியோடு இரு புரோட்டான் சேர்ந்த ஹைட்ரைடும் 86-தான், அதுவோ தொப்பியிட்ட சதுரப் பிரமிடு (சதுரப் பிரமிடின் 74 + தொப்பியின் 12). எண்ணிக்கை சாத்தியமான வடிவங்களைத்தான் தரும். எது நிலைக்கும் என்பதைப் படிக அமைப்பைப் பார்த்தே உறுதிசெய்யுங்கள்.