அடையாள அட்டைக்கு நூலகத்தில் ஒரு மேசை: யாரைச் சேர்ப்பது, யாரை வெளியே நிறுத்துவது?

கேள்வி: ஹட்டன் பக்கத்தில் ஒரு பிரதேச சபை நூலகத்தின் வாசகர் வட்டச் செயலாளர் நான். சாதாரண தரப் பரீட்சை நெருங்கியும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பலரிடம் அடையாள அட்டை இல்லை. நூலகத்தில் உதவி மேசை போட்டுத் தருவதாக ஒரு நிறுவனம் ஒப்பந்தம் கேட்கிறது. சபையிலோ "தோட்டம் எங்கள் வேலை இல்லை" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த ஒப்பந்தத்தைத் தொடாதீர்கள். வாசகர் வட்டத்துக்கும் நூலகருக்கும் அதில் ஒப்பமிட அதிகாரமில்லை. நூலகம் சபையினுடையது, காசு வந்தாலும் சபை நிதிக்குத்தான் போகவேண்டும். உங்களுக்கு வேண்டியது ஒரு மேசை, இரண்டு வாங்கு, ஒரு தடித்த கொப்பி, மூன்று ஆட்கள். அவ்வளவுதான்.

அந்த மூவர் யார்? 15 வயது நிறைந்தவர் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பாடசாலைப் பிள்ளையின் விண்ணப்பத்தை அதிபர் அத்தாட்சிப்படுத்துவார். தோட்டத்தில் இருப்பவருக்குத் தோட்ட அத்தியட்சகர், அதாவது துரை. மற்றவர்களுக்குக் கிராம உத்தியோகத்தர். ஆகவே பாடசாலையிலிருந்து ஓர் ஆசிரியர், தோட்ட நலன்புரி உத்தியோகத்தர், கிராம உத்தியோகத்தர். மேடை, மாலை, பனர் எதுவும் வேண்டாம்.

அவர்களைக் கூப்பிடுமுன் ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்களே கோப்புகளைப் பிரித்துவையுங்கள். கிழமை நாளில் காலை பத்து மணிக்கு வா என்றால், ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, இழந்து எந்தத் தாயும் வரமாட்டாள். பிறப்புச் சான்றிதழ் கையில் உள்ளவர் ஒரு கட்டு. பதிவு இருந்து சான்றிதழ் தொலைந்தவர் இன்னொரு கட்டு. அவர்கள் பிரதி எடுத்தால் போதும். பிறப்பே பதியப்படாதவர் மூன்றாவது. இந்தக் கட்டுத்தான் நாள் தின்னும். பிறப்பை 42 நாட்களுக்குள் பதியவேண்டும்; மூன்று மாதம் தாண்டினால் அது காலங்கடந்த பதிவு, பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போகவேண்டும். தேடியும் பதிவு இல்லை என்ற பெறுபேறு, தாயின் ஆவணங்கள், கிளினிக் அட்டை, பாடசாலை அனுமதிப் பதிவு எல்லாம் கேட்பார்கள். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஓடிப் பயனில்லை. தரம் 9 பிள்ளைகளிடமிருந்து தொடங்குங்கள்.

கொப்பியில் நான்கு நிரல் போடுங்கள்: பிறப்புச் சான்றிதழில் பெயர், பாடசாலைப் பதிவில் பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி. ஒன்றில் செல்வராஜ், ஒன்றில் செல்வராஜா, சிங்களத்தில் எழுதியவரின் காதில் விழுந்தபடி இன்னொன்று. விண்ணப்பங்கள் திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான். திருத்துகிறேன் என்று சான்றிதழில் பேனா வைத்துவிடாதீர்கள், அந்தத் தாள் அதோடு செத்தது. திருத்தத்துக்குப் பதிவாளரிடம் தனி விண்ணப்பம் உண்டு. போட்டோவும் அப்படித்தான்: ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிந்த ஸ்டூடியோவில் எடுத்து ரசீது வாங்கவேண்டும். டவுனில் கண்ட கடையில் எடுத்த போட்டோவுக்குக் கொடுத்த காசு வீண்.

இனி ஆட்களைப் பற்றி. பிரதேச செயலக வாசலில் போர்ம் நிரப்பிக் கொடுப்பவர் "உள்ளே ஆள் இருக்கு" என்று சொல்லிக் கறக்கிறார். அவரைவிட ஆபத்தானவர் வெளிநாட்டு வேலைக்கு ஆள் பிடிக்கும் உப முகவர். பெயர், வயது, விலாசம், அட்டை இலக்கம் எழுதிய உங்கள் கொப்பி அவருக்குப் புதையல். நுண்கடன் காரருக்கும் அப்படியே. கொப்பியை நூலகரின் அலுமாரியில் பூட்டுங்கள். அட்டைப் பிரதி எதையும் நூலகத்தில் வைத்திருக்கவேண்டாம். "தரவுகளை நாங்கள் கணினியில் ஏற்றித் தருகிறோம்" என்று எவர் வந்தாலும், அந்த நிறுவனம் உட்பட, வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சபையின் பதிலுக்கு வருவோம். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தை வைத்து, தோட்டம் தனியார் நிலம், அங்கே சபை செலவு செய்யமுடியாது என்று முப்பது வருடம் சொல்லிவந்தார்கள். அப்போது அதில் சட்ட நியாயம் இருந்தது. 2018 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை மாற்றிவிட்டது: தோட்டத் தரப்போடு கலந்தாலோசித்து, அங்கு குடியிருப்போருக்கும் சபை சேவை வழங்கலாம். கவனியுங்கள், "கலந்தாலோசித்து". துரைக்கு ஒரு கடிதம் எழுதாமல் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் மேசை போட்டால் உங்களை வெளியே அனுப்ப அவருக்குக் காரணம் கிடைக்கும். ஆனால் மேசை நூலகத்துக்குள்ளேயே இருந்தால் இந்தக் கேள்வியே எழாது. சபைக் கட்டடத்துக்குள் வருகிற வாசகருக்கு உதவ எந்தத் திருத்தமும் தேவைப்படவில்லை. சட்டம் மாறி இத்தனை வருடத்துக்குப் பிறகும் பழைய பாட்டையே பாடுவது, கோப்பைத் திறக்கச் சோம்பல். சட்டத்தின் இலக்கத்தைக் கடிதத்தில் எழுதிச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

விண்ணப்பம் கொடுத்த திகதி, வாங்கியவர் பதவி, இரண்டையும் கொப்பியில் எழுதுங்கள். சிங்களப் போர்மை நீட்டினால் தமிழ்ப் போர்மைக் கேளுங்கள். தமிழும் அரசகரும மொழிதான். மாதக்கணக்கில் பதில் வராவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தாயோ தகப்பனோ அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைச் சொல்லவேண்டும். அந்தக் கடிதம் எழுதவும் உங்கள் மேசையில் ஒரு பேனா இருக்கட்டும்.