சுற்றுலா மேலாண்மை மேற்படிப்பு: நெல்லைச் சீமையிலிருந்து சில கேள்விகள்

பி.ஏ. வரலாறு முடித்திருக்கிறேன். வளங்குன்றாச் சுற்றுலா (இயற்கையையும் ஊரையும் கெடுக்காத சுற்றுலா) மேலாண்மை படிக்க முடியுமா? எங்கே சேரலாம்? (வாசகி, அம்பாசமுத்திரம்)

தாராளமாகப் படிக்கலாம். சுற்றுலா எம்.பி.ஏ.வுக்குப் பொதுவாக எந்தப் பட்டமும் போதும்; 50 விழுக்காடு மதிப்பெண்ணும், கேட், சி-மேட், மேட் போன்ற நுழைவுத் தேர்வு ஒன்றும் கேட்பார்கள். இந்தப் பெயரிலேயே பட்டம் தேடாதீர்கள். நம் நாட்டில் இது பெரும்பாலும் ‘சுற்றுலா மற்றும் பயண மேலாண்மை’ என்ற பெயருக்குள் ஒரு பகுதியாகத்தான் இருக்கும்.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கல்வி நிறுவனமான ஐ.ஐ.டி.டி.எம். (தலைமையகம் குவாலியர், நமக்குப் பக்கம் நெல்லூர் வளாகம்), புதுச்சேரிப் பல்கலைக்கழகம், திருவனந்தபுரத்தில் கேரள அரசின் சுற்றுலாக் கல்வி நிறுவனமான கிட்ஸ் ஆகியவற்றைப் பாருங்கள். நெல்லைப் பிள்ளைகளுக்கு எங்கள் முதல் தேர்வு கிட்ஸ்தான். ரயிலேறினால் சில மணி நேரம் என்பது மட்டுமல்ல காரணம். கேரளத்தில் 2017 முதல் பொறுப்புச் சுற்றுலா மிஷன் இயங்குகிறது. பாடத்தில் படித்ததை, அந்த மிஷன் செயல்படும் குமரகத்தில் போய்ப் பார்த்துவிடலாம்.

சேருமுன் பாடத்திட்டத்தை வாங்கிப் படியுங்கள். டிக்கெட் பதிவும் டூர் பேக்கேஜும் மட்டுமே இருந்தால் அது பயண முகவர் வேலைக்கான படிப்பு. புள்ளியியல், ஜி.ஐ.எஸ். (கணினி வரைபடத்தில் இடத் தரவுகளை ஆராய்வது), தாக்க மதிப்பீடு ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்.

குற்றாலத்தின் தாங்குதிறனை (ஓரிடம் ஒரு நாளில் எத்தனை பயணிகளைத் தாங்கும் என்பதை) ஆய்வேட்டுக்குக் கணக்கிடுகிறேன். எண்ணிக்கை நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக வருகிறது. எங்கே தவறு? (மாணவர், தென்காசி)

முதல் படியோடு நிறுத்தியிருப்பீர்கள். ஆய்வாளர் சிஃபுவெண்டெஸ் 1992-இல் வகுத்த முறையில் மூன்று படிகள் உண்டு. கற்பனை எண்களில் பார்ப்போம். குளிக்கும் இடம் 120 சதுர மீட்டர், ஆளுக்கு 2 சதுர மீட்டர்: ஒரே நேரத்தில் 60 பேர். 12 மணி நேரம் அனுமதி, ஒருவர் 20 நிமிடம் நிற்கிறார் என்றால் 36 சுற்று. 60 × 36 = 2,160. இது வெறும் இடக் கணக்கு.

அடுத்தது திருத்தக் காரணி. 90 நாள் சீசனில் வெள்ளத்தால் 18 நாள் தடை என்றால் 1 − 18/90 = 0.8, இப்போது 1,728. மூன்றாவது, நிர்வாகத் திறன்: கழிப்பறை, காவலர், வாகன நிறுத்தம் எல்லாம் தேவையில் 60 விழுக்காடுதான் இருக்கிறது என்றால் × 0.6. மிஞ்சுவது சுமார் 1,037. முதல் எண்ணில் பாதிகூட இல்லை, பாருங்கள்.

பிழை அதிகம் நுழைவது அந்த ‘20 நிமிட’த்தில். அதைக் கேட்டு எழுதக் கூடாது. கடிகாரத்தோடு நின்று அளக்க வேண்டும். சாரல் நன்றாக இருந்தால் யார் சீக்கிரம் வெளியே வருகிறார்கள்? ஆண்கள் பகுதியையும் பெண்கள் பகுதியையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். செவ்வாய்க்கிழமையையும் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் இரண்டுக்கும் பொருந்தாத எண்தான் வரும். ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான கூட்டம் வேறு, கார்த்திகை மார்கழியில் ஐயப்ப பக்தர் கூட்டம் வேறு. இரண்டு அட்டவணை போடுங்கள்.

இன்னொன்று. எண்ணெயும் ஷாம்பும் கொண்டுவரும் ஐந்நூறு பேர், வெறுங்கையோடு வரும் ஆயிரம் பேரைவிட ஓடைக்கு அதிகக் கேடு செய்வார்கள். அதைத் தாங்குதிறன் எண் காட்டாது. அதற்காகத்தான் 1985-இல் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் ‘ஏற்கத்தக்க மாற்றத்தின் எல்லை’ என்ற முறையைக் கொண்டுவந்தார்கள்: எத்தனை பேர் என்று கேட்காமல், நீரும் கரையும் எவ்வளவு கெடலாம் என்று முதலில் முடிவு செய்வது. ஆய்வேட்டில் இரண்டையும் வைத்து ஒப்பிடுங்கள்.

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் ஆய்வு செய்ய யாரிடம் அனுமதி? (மாணவி, கல்லிடைக்குறிச்சி)

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தர வேண்டும். துறைத் தலைவர் கடிதம், ஆய்வுத் திட்டம், செல்லும் இடங்கள், நாட்கள், உடன் வருவோர் விவரம் தேவை. மாதக்கணக்கில் ஆகலாம், கடைசிப் பருவத்தில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தால் பட்டம்தான் தள்ளிப்போகும். சோரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசைக் கூட்டம் அருமையான தலைப்பு, ஆனால் கோயில் காப்பகத்துக்குள் இருக்கிறது. அவசரமென்றால் அடிவாரக் கிராமங்களின் வருமானத்தை எடுங்கள். ஊருக்குள் கருத்துக் கேட்க இந்த அனுமதி தேவைப்படாது.

மகளை வெளிநாட்டில் படிக்க வைக்க உதவித்தொகை கிடைக்குமா? (வாசகர், பாளையங்கோட்டை)

பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கு 60 விழுக்காடு மதிப்பெண், 35 வயதுக்குள், குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு கண்ணி உண்டு: 2022 முதல் இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு சார்ந்த தலைப்புகளை அதிலிருந்து விலக்கிவிட்டார்கள். கோயில் மரபுச் சுற்றுலா என்று எழுதினால் சிக்கல். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை என்றால் முதலில் இரண்டாண்டு வேலை அனுபவம் வேண்டும்.

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு பகுதி மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் வேண்டும். சில படிப்புகளின் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும், வகுப்பு ஜெர்மன் மொழியில் நடக்கும். பயிற்று மொழியை முதலில் பாருங்கள்.

வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் படித்தால் நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதலாமா? (வாசகர், வள்ளியூர்)

எழுதலாம். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் (இக்னோ) எம்.டி.டி.எம். என்ற சுற்றுலா முதுநிலைப் படிப்பு இருக்கிறது. நெட்டில் ‘சுற்றுலா நிர்வாகமும் மேலாண்மையும்’ பாட எண் 93. முதுநிலையில் 55 விழுக்காடு வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. அஞ்சல் வழியில் களப்பயிற்சி குறைவு. மணிமுத்தாறில் உள்ள, ஏட்ரி என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் மையம் ஜனவரியில் நடத்தும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலராகச் சேர்ந்துகொண்டால், களத்தில் தரவு எடுக்கும் பழக்கம் வந்துவிடும்.