பழைய வேனை கேம்பர்வேனாக மாற்றுகிறேன். பகலில் சாப்பாட்டு மேசை, இரவில் இருவர் படுக்கை: இரண்டையும் ஒரே இடத்தில் அமைக்க முடியுமா?

முடியும். எங்கள் பழைய டிராவலர் வேனில் ஊர்த் தச்சர் ஒருவரும் நானும் சேர்ந்து செய்தோம். பயணம் போகும்போதெல்லாம் நானும் மனைவியும் மூன்று ஆண்டுகளாக அதில்தான் உண்டு உறங்குகிறோம்.

மேசையிலிருந்து அளவெடுக்கத் தொடங்காதீர்கள். படுக்கையின் நீளம்தான் முதல் கணக்கு. என் உயரம் 173 செ.மீ.; படுக்கைக்கு 182 வைத்தேன். எதிரெதிரே இரண்டு பெட்டி இருக்கைகள், ஒவ்வொன்றும் 56 செ.மீ. ஆழம். நடுவே 70 செ.மீ. இடைவெளி. இரவில் மேசைப்பலகை இறங்கி அந்த இடைவெளியை மூடும். முதுகு மெத்தை இரண்டும் 35 செ.மீ. உயரமாக இருந்தால், பலகைமேல் அருகருகே கிடந்து அதே 70-ஐ நிரப்பிவிடும். மெத்தையின் கனம் 10 செ.மீ.; பகலில் முதுகு மெத்தை போக உட்கார 46 செ.மீ. மிஞ்சும், அது போதுமான ஆழம். இதில் ஓர் எண்ணை மாற்றினால் மற்றவையும் மாறும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு மரக்கடைக்குப் போங்கள்.

அடுத்தது மட்டம். பெட்டியின் மேல்மட்டம் தரையிலிருந்து 35 செ.மீ.; பலகையும் இரவில் அதே மட்டத்தில் அமர வேண்டும். பலகை 18 மி.மீ. என்றால், அதைத் தாங்க பெட்டிகளின் பக்கத்தில் அடிக்கும் ரீப்பரின் (மரச்சட்டம்) மேல்விளிம்பு 33.2 செ.மீ.யில் இருக்க வேண்டும். நாங்கள் அந்த 18 மி.மீ.யைக் கழிக்க மறந்துவிட்டோம். வால்பாறையில் முதல் இரவு, இடுப்புக்கு நேரே திண்டு வைத்ததுபோல் உறுத்தியது. வீடு திரும்பியதும் ரீப்பரைக் கழற்றி மீண்டும் அடித்தோம்.

உடல் எடையில் பெரும்பங்கு இடுப்பில் இறங்குகிறது, அது நடுப்பலகையின் மேல் விழுகிறது. ஆகவே இரவில் எடையைத் தாங்க வேண்டியது ரீப்பர்தான்; மேசைக்காலை நம்பாதீர்கள். ரீப்பருக்குப் பசை தடவி, 15 செ.மீ.க்கு ஒரு திருகாணி போடுங்கள். ஒட்டுப்பலகையை அறுக்கும்போது மேல் அடுக்கின் நார் ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டியை நோக்கி ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் சீக்கிரம் தொய்யும். இதைத் தச்சரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், பலகை வீணாகாமல் வெட்டுவதில்தான் அவர் கவனம் இருக்கும். பலகையின் இரு பக்கமும் 3 மி.மீ. இடம் விடுங்கள். வண்டி குலுங்கக் குலுங்கப் பெட்டிகள் சற்று அசையும். கச்சிதமாக வெட்டிய பலகை இறுகிக்கொள்ளும்.

பகலில் மேசையின் உயரம் 72 செ.மீ. கழற்றக்கூடிய ஒற்றைக் குழாய்க்கால் போதும். தரையில் அது செருகும் கிண்ணத்துக்கு அடியில் இன்னொரு பலகை வைத்துத் திருகினால் ஆட்டம் குறையும்.

முதுகு மெத்தைக்கு 6 செ.மீ. ஃபோம் போதும் என்று கடையில் சொல்வார்கள். கேட்காதீர்கள், படுக்கை பள்ளமும் மேடுமாகிவிடும். எல்லாம் ஒரே கனம், ஃபோமின் அடர்த்தி (டென்சிட்டி) 40. நீளவாக்கில் ஒவ்வொரு மெத்தையையும் அரை செ.மீ. கூட்டி வெட்டினால் இரவில் விலகாது. மலைப்பகுதியில் மூச்சின் ஈரம் மெத்தைக்கு அடியில் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பெட்டி மூடிகளிலும் பலகையிலும் துளைகள் போட்டுவிடுங்கள்.

பெட்டிகளைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். துளையிடும் முன் வண்டிக்கு அடியில் படுத்து, டீசல் டாங்கும் பிரேக் குழாயும் எங்கே போகின்றன என்று பாருங்கள். சீட் பெல்ட் இல்லாத இந்த இருக்கையில் வண்டி ஓடும்போது யாரும் உட்காரக் கூடாது, குழந்தைகள் அறவே கூடாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது; இருக்கைகளைக் கழற்றும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

மரம் வாங்குவதற்கு முன், அட்டைப்பெட்டிகளை அதே அளவில் அடுக்கி வண்டிக்குள் இருவரும் படுத்துப் பாருங்கள். அப்படிப் படுத்தபோதுதான் பின்சக்கர மேடு என் மனைவியின் தோளில் இடிப்பது தெரிந்தது. பெட்டிகள் இரண்டையும் 12 செ.மீ. முன்னே தள்ளிவிட்டு அதன் பிறகுதான் ரம்பத்தை எடுத்தோம்.