பின்னல் வேலை டென்ஷனைக் குறைக்குமா?

ஆபீஸ் முடிந்து வந்தும் மனது அடங்குவதில்லை, பின்னல் வேலை உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவும், ஆனால் எதைப் பின்னுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நுனியில் கொக்கி உள்ள குரோஷா ஊசியில் நூலைச் சுற்றி, கண்ணிக்குள் விட்டு இழுக்கும்போது உள்ளே கண்ணிகளின் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்: 17, 18, 19... மேனேஜர் சொன்னதை அசைபோட அப்போது மனதில் இடம் இருக்காது. ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருவதால் மூச்சும் நிதானப்படும். நிட்டிங் எனும் இரட்டை ஊசிப் பின்னல் பற்றி 2013-ல் வெளியான ஒரு பன்னாட்டுக் கருத்தாய்வில் 3,545 பேர் பதில் சொன்னார்கள்; அடிக்கடி பின்னுகிறவர்கள் அதிக அமைதியை உணர்வதாகத் தெரிந்தது. பதில் சொன்னவர்கள் எல்லோரும் ஏற்கெனவே பின்னுகிறவர்கள்தான், அதையும் சேர்த்தே பாருங்கள்.

எடுத்த எடுப்பில் ஸ்வெட்டரில் கைவைக்க வேண்டாம். நான் அப்படித் தொடங்கி, ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் வந்து, இருந்த நிம்மதியும் போனது. கொஞ்சம் தடித்த பருத்தி நூல், 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஊசி, இவற்றை வைத்துச் சூடான பாத்திரம் பிடிக்க ஒரு சதுரத் துணி பின்னுங்கள், ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும். கம்பளி நூல் வேண்டாம், நம் ஊர் வெயிலில் மடியில் கிடந்தாலே வியர்க்கும். அப்புறம், மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். வரிசை தப்பினால் பரவாயில்லை, நூலை இழுத்தால் பிரிந்துவிடும், மறுபடி பின்னிக்கொள்ளலாம்.