ஐந்தரை மணி வசந்தம்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

எனக்குப் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். திருமணமாகிப் பெங்களூரு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஜனவரியில் ஆத்தா வந்திருந்தபோது லால்பாக் மலர்க் கண்காட்சிக்கு அழைத்துப் போனேன். டிக்கெட் வரிசையில் முக்கால் மணி நேரம். கண்ணாடி மாளிகைக்குள் கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டே போனது. பூக்களை ஒட்டிச் செய்த பெரிய உருவம் ஒன்றின் முன்னால் ஆத்தா நின்று, “இதில் செடியில் இருக்கிற பூ எது?” என்று கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, “என்ன இருந்தாலும் நம் ஊரில் இதெல்லாம் ஏது” என்று பெருமூச்சு விட்டார்கள். அது என் மனத்தில் தங்கிவிட்டது. இங்கே பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சாலையோர மரங்கள் இலையே இல்லாமல் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும்போதெல்லாம் ஊரை நினைத்துக்கொள்கிறேன். வெயிலும் சீமைக்கருவேலமும் தவிர நமக்கு வேறெதுவும் இல்லையா? செட்டிநாட்டுக்கு வசந்தம் என்று ஒன்று உண்டா? கூடவே இன்னொன்று, மலர்க் கண்காட்சியை எப்படித்தான் பார்ப்பது?

சி., பெங்களூரு

அன்புள்ள தங்கைக்கு,

மலர்க் கண்காட்சிகளைப் பல வருடங்களாகத் திட்டி எழுதிவந்தவன் நான். பக்கம் பக்கமாக எழுதியும் உங்கள் ஆத்தா ஒரு வரியில் கேட்டதை என்னால் கேட்க முடிந்ததில்லை. அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கண்காட்சியை எப்படிப் பார்ப்பது என்பதை முதலில் முடித்துவிடுகிறேன். ஹைதர் அலி 1760இல் போடத் தொடங்கிய தோட்டம் லால்பாக்; இன்று 240 ஏக்கர். கண்ணாடி மாளிகைக்கு 1889இல் அடிக்கல் நாட்டினார்கள். குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி ஆண்டுக்கு இரண்டு முறை ஊரே அந்த மாளிகைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிறது. மீதித் தோட்டம் ஆளில்லாமல் கிடக்கிறது. கண்காட்சி முடிந்த அடுத்த வாரம், வேலை நாளில், காலையில் போங்கள். மரங்களை யாரும் லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருக்க மாட்டார்கள்.

ஆனால் கண்காட்சியை ஒரேயடியாக ஒதுக்கவும் இப்போது எனக்கு மனம் வருவதில்லை. ஊட்டியில் ஒரு பாடம் கிடைத்தது. அங்கே தாவரவியல் பூங்கா 1848இல் உருவானது. மலர்க் கண்காட்சி 1896இல் தொடங்கி 2023இல் 125ஆவது முறையாக நடந்தது. ஒரு மே மாதம் வீட்டாரின் வற்புறுத்தலுக்காகப் போனோம். தேதியை நான் தப்பாகப் பார்த்துத் தொலைத்ததால் மூன்று நாட்கள் முன்னதாகவே போய் நின்றோம். வீட்டில் எல்லோருக்கும் கோபம். அவர்கள் முகத்தைப் பார்க்கப் பயந்து, தொட்டிகள் அடுக்கிக்கொண்டிருந்த பக்கம் நான் ஒதுங்கினேன். வயதான தொழிலாளி ஒருவர் சால்வியாத் தொட்டிகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, சிவந்த கதிர்கள் சிலவற்றைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தார். பூத்ததை ஏன் கிள்ளுகிறீர்கள் என்றேன். “முந்திக்கொண்டது” என்றார். நாற்றாக இருக்கும்போதே நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும், பூப்பதும் சில வாரம் தள்ளிப்போகும். எதை எப்போது கிள்ளுவது என்ற கணக்கில்தான் ஆயிரக்கணக்கான தொட்டிகளும் ஒரே வாரத்தில் பூத்து நிற்கின்றன என்று விளக்கினார். ரிப்பன் வெட்டும் தேதி செடிக்குத் தெரியாது. அந்த நகத்துக்குத் தெரியும்.

ஆகவே அடுத்த முறை உருவங்களைக் கண்டுகொள்ளாமல் (அவற்றை நான் இன்னமும் திட்டுவேன்) தொட்டிகள் பக்கம் போங்கள். ஒரே ஒரு செடியின் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். படம் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

இனி ஊர்க் கதை. வசந்தம் என்றதும் நமக்குக் குளிர் நாட்டுப் படமே மனத்தில் விரிகிறது. பனி உருகும், புல் துளிர்க்கும், ட்யூலிப் தலைகாட்டும். ட்யூலிப் கிழங்கு பல வாரம் குளிரில் கிடந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். ஸ்ரீநகரில் அதற்கு ஒரு தோட்டம் போட முடிகிறது, காரைக்குடியில் முடியாது. தமிழில் இந்தப் பருவத்துக்குப் பெயர் இளவேனில். வேனில் என்றால் வெயில் காலம். சித்திரை, வைகாசியைத்தான் அப்படி அழைத்தார்கள். பெயரிலேயே வெயிலை வைத்துவிட்டு, வெயில் அடிக்கிறதே என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். நம் மரங்கள் பல, ஐப்பசி கார்த்திகை மழையைக் குடித்துவிட்டு வறட்சிக்காகக் காத்திருப்பவை. மாசி, பங்குனியில் இலையைக் கொட்டிவிட்டு அந்த மொட்டைக் கிளையில் பூக்கும். இலை மறைக்காததால் தேனீக்கும் வௌவாலுக்கும் பூ எளிதாக அகப்படும். உங்கள் சாலையோர மரமும் இதையேதான் செய்கிறது. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரே சிக்கல், செட்டிநாட்டு வசந்தத்துக்கு வேலை நேரம் குறைவு. விடியற்காலை ஐந்தரைக்குத் திறந்தால் ஏழு மணிக்கு மூடிவிடும். எட்டு மணிக்கு எழுந்து முகப்பில் வந்து நிற்பவருக்கு வெயில் மட்டும்தான் மிச்சம்.

எங்கள் ஊருணிக்கரையில் ஓர் இலுப்பை நிற்கிறது. பங்குனியில் அதன் கிளை நுனிகளில் பூக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பூத்திருப்பதே தெரியாது. கொன்றையைப் போல ஊரைக் கூட்டுகிற மரமில்லை. இரவெல்லாம் வௌவால்களின் சண்டை. விடிவதற்கு முன் பூக்கள் உதிரத் தொடங்கும். சருகின் மேல் அவை விழும் சத்தத்தைக் கேட்டுத் தூறல் என்று நினைத்துத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்ட நாள் எனக்கு உண்டு. ஒன்றை எடுத்துப் பாருங்கள். இதழ் தனித்தனியாகப் பிரியாது. வெளிர்மஞ்சள் நிறத்தில், சதைப்பற்றோடு, உப்பிய சின்னக் குப்பி. விரலால் அமுக்கினால் பிசுபிசுக்கும். வாயில் போட்டால் முதலில் வெல்லம், அடுத்து நாட்பட்ட பழத்தின் வாடை, கடைசியில் மகரந்தம் நாக்கில் நெருடும். அண்ணாந்தால், பூ கழன்ற இடத்தில் துருநிறத்தில் ஒரு கிண்ணமும் அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை இழையும் தெரியும்.

‘ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை’ என்பதை இளக்காரமாகவே சொல்லிப் பழகிவிட்டோம். முதலில் சொன்னவர் தின்று பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருப்பார். என் அப்பத்தா இதைக் காயவைத்து வறுத்துத் தருவார்கள்; காய்ந்தால் உலர்திராட்சைக்கு அண்ணன் தம்பி. செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்தின் ஒன்பது கோயில்களில் ஒன்று இருக்கும் ஊருக்கே இலுப்பைக்குடி என்று பெயர். ஆனாலும், வௌவால் சுவரை அசிங்கம் செய்கிறது என்று, எங்கள் தெருவில் ஒருவர் தம் தோட்டத்து இலுப்பையைப் போன வருடம் அடியோடு வெட்டினார். வீட்டுக்கு வெள்ளையடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லையாம்.

புங்கைக்கும் இதே நேரம்தான். பூ வாசலில் பொரி கொட்டியதுபோல் கிடக்கும். அதைப் பெருக்கித் தள்ளிவிட்டுத்தான் கோலம் போடுவார்கள். ஆறு மணிக்குப் பூ, ஆறே காலுக்குக் குப்பை. வேம்பின் கதை கொஞ்சம் கௌரவமானது. முந்தின இரவே மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துவைத்து, காலையில் அள்ளிச் சுளகில் புடைத்து, நிழலில் காயவைப்பார்கள். சித்திரை முதல் நாள் பச்சடிக்குக் கொஞ்சம், மீதி வருடம் முழுக்க ரசத்துக்கு. உங்கள் ஆத்தா வேப்பம்பூ அள்ளாமலா இருந்திருப்பார்கள்? ஆனால் அவர்கள் கணக்கில் அது பூ இல்லை, அடுப்படிச் சாமான். அதனால்தான் ‘நம் ஊரில் ஏது’ என்று வாயில் வருகிறது. கேட்டுப் பாருங்கள், எந்த மரத்துப் பூவில் குச்சி அதிகம் என்பதுவரை சொல்வார்கள்.

சரக்கொன்றை மட்டும் நாள் முழுக்க நிற்கும், நல்ல வெயிலிலும். ஒரு பூவைக் கிள்ளிப் பாருங்கள்: மகரந்தம் தாங்கும் இழைகளான பத்துக் கேசரங்களில் மூன்று மட்டும் நீளமாக, தூண்டில் முள்ளைப் போல வளைந்திருக்கும்.

பூச்சொரிதல்தானே நம் மலர்க் கண்காட்சி என்று இதைப் படிக்கும் யாராவது எழுதுவார்கள். மாசி, பங்குனியில் அம்மன் கோயில்களில் கூடை கூடையாகப் பூ வந்து குவிவது அழகுதான். நானும் கூடை சுமந்திருக்கிறேன். ஆனால் அந்த மல்லிகையும் செவ்வந்தியும் பெரும்பாலும் மதுரை, திண்டுக்கல் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருபவை. ஆத்தாவின் கேள்வி அங்கேயும் செல்லும். பூங்காக்களைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. எங்கள் பக்கத்துப் பூங்கா ஒன்றில் இரண்டு புங்கைகளை வெட்டிவிட்டு, சிமென்ட்டில் ஒரு காளான் கட்டி, நிழலுக்கு என்று அதன் அடியில் பெஞ்ச் போட்டிருக்கிறார்கள்.

பங்குனியில் ஊருக்கு வந்தால் ஆத்தாவையும் அழைத்துக்கொண்டு இங்கே வாருங்கள். முதல் பஸ் ஆறே முக்காலுக்குத்தான் வரும், அது உதவாது. முந்தின நாளே வந்து எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம். பழைய வேட்டி என்னிடம் இருக்கிறது. ஆறு மணி தாண்டினால் மேலத்தெரு ஆடுகள் ஊருணிக்கரைக்கு வந்துவிடும். இலுப்பைப் பூ என்றால் அவற்றுக்கு உயிர். ஒன்றுகூட மிச்சம் வைக்காது.