கப்பல் முதலாளியும் கஜானாவும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தொழிலதிபர்கள் அரசியலுக்கு வருவது பற்றிய உங்கள் கட்டுரையில், நிறுவனம் நடத்தும் திறமைக்கும் நாட்டை ஆளும் திறமைக்கும் பெரிய தொடர்பில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் நெடுங்காலமாக வசிப்பவன். கப்பல் நிறுவனம் நடத்திய பால் மார்ட்டின் நிதியமைச்சராக வந்த பிறகுதான் கனடாவின் கடனுக்குக் கடிவாளம் விழுந்தது. வழக்கமான அரசியல்வாதி ஒருவரால் அது முடிந்திருக்குமா? அப்படிப்பட்டவர் பிரதமரான பின் இரண்டே ஆண்டுகளில் ஏன் வீழ்ந்தார் என்பதும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

க.

அன்புள்ள க.,

பால் மார்ட்டினை அரசியலுக்கு வெளியிலிருந்து வந்த முதலாளியாகக் காட்டும் வழக்கம் கனடியப் பத்திரிகைகளிலும் உண்டு. ஆனால் 1938இல் ஒன்டாரியோவின் வின்ட்சர் நகரில் அவர் பிறந்தபோதே அவருடைய தந்தை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். தந்தையின் பெயரும் பால் மார்ட்டின்தான். நீங்கள் ஒருவேளை பெற்றிருக்கக்கூடிய கனடியக் குடியுரிமை என்பதே, அதுவரை பிரிட்டிஷ் பிரஜைகளாக மட்டும் கருதப்பட்ட கனடியர்களுக்கு 1947 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் கிடைத்தது. அச்சட்டத்தைக் கொண்டுவந்தவர் அந்தத் தந்தை. பிறகு அவர் சுகாதார அமைச்சரானார். தந்தை, மகன் இருவருமே சிறுவயதில் போலியோவுக்கு ஆளானவர்கள். 1955இல் பழுதான ஒரு தயாரிப்பால் அமெரிக்காவில் குழந்தைகள் பாதிக்கப்பட்டு, அங்கே சால்க் போலியோ தடுப்பூசித் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டபோது, கனடாவில் அதைத் தொடரலாம் என்று முடிவெடுத்தவர் அவர். அத்தகையவர் லிபரல் கட்சித் தலைமைக்கு 1948, 1958, 1968 என மூன்று முறை போட்டியிட்டு மூன்றிலும் தோற்றார். மகன் வளர்ந்தது இந்த வீட்டில். அரசியலிலிருந்து தொழிலுக்குப் போய் மீண்டும் அரசியலுக்குத் திரும்பியவர் என்று அவரைச் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

தொழிலில் அவர் சாமர்த்தியசாலி என்பதில் எனக்கு ஐயமில்லை. டொரன்டோவில் சட்டம் படித்துவிட்டு மொன்ட்ரியாலின் பவர் கார்ப்பரேஷனில் சேர்ந்தார். அதன் துணை நிறுவனமான கனடா ஸ்டீம்ஷிப் லைன்ஸுக்கு முப்பத்தைந்தை ஒட்டிய வயதிலேயே தலைவரானார். 1981இல், கனடாவில் வங்கி வட்டி 20 சதவீதத்தையும் தாண்டிய ஆண்டில், லாரன்ஸ் பேத்தி என்ற கூட்டாளியுடன் சேர்ந்து அந்நிறுவனத்தைச் சுமார் 18 கோடி டாலருக்கு, பெரும்பகுதி கடனாகப் பெற்று, வாங்கினார். நிறுவனத்தின் பலம் தானே சரக்கை இறக்கும் கப்பல்களில் இருந்தது. இவற்றின் சரக்கறையின் அடிப்பகுதி சரிவாக இருக்கும். கதவுகளைத் திறந்தால் நிலக்கரியோ இரும்புத்தாதுவோ உப்போ கீழே ஓடும் பெல்ட்டில் கொட்டும். பெல்ட் அதை மேல்தளத்துக்கு ஏற்றி, கரைப்பக்கம் நீளும் ஒரு பெரிய இரும்புக் கை வழியாகக் குவித்துவிடும். கரையில் கிரேனும் வேண்டாம், சுமைதூக்கும் ஆட்களும் வேண்டாம். வட அமெரிக்காவின் பெரிய ஏரிகளில் பழகிய இந்த முறையை உலகத்தின் மற்றக் கடல்களுக்கும் கொண்டுபோனதுதான் நிறுவனம் பெருகியதற்குக் காரணம். 1988இல் கூட்டாளியின் பங்கையும் தானே வாங்கிக்கொண்டார். அதே ஆண்டில் மொன்ட்ரியாலின் லசால்-எமார் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் போனார். 1990இல் லிபரல் கட்சித் தலைமைப் போட்டியில் ஜான் கிரெத்தியேனிடம் தோற்றார். 1993 நவம்பரில் பிரதமரான அதே கிரெத்தியேன் அவரை நிதியமைச்சராக்கினார்.

இனி உங்கள் முதல் கேள்வி. அப்போது கனடாவின் பற்றாக்குறை ஏறத்தாழ 4,200 கோடி டாலர். அரசின் வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வட்டிக்கே போய்க்கொண்டிருந்தது. மார்ட்டினின் முதல் பட்ஜெட் மிதமானதாகவே இருந்தது. 1994 இறுதியில் மெக்சிகோவின் பெசோ சரிந்து வட்டி ஏறியபின், 1995 பிப்ரவரி 27 அன்று வந்த இரண்டாவது பட்ஜெட்தான் கத்தியைக் கையில் எடுத்தது. மத்திய அரசுப் பணியிடங்களில் 45,000 குறைக்கத் திட்டமிடப்பட்டது. மேற்குப் பகுதி விவசாயிகளுக்குத் தானியத்தை ரயிலில் அனுப்பத் தரப்பட்ட மானியம் நின்றது. அரசுக்குச் சொந்தமான சிஎன் ரயில்வே அந்த ஆண்டிலேயே பங்குச் சந்தைக்குப் போனது. 1997-98இல் பற்றாக்குறை மறைந்து உபரி வந்தது. 1969-70க்குப் பிறகு அதுவே முதல் உபரி.

இதில் நிறுவனத் தலைவரின் கை தெரியும் இடம் ஒன்று உண்டு. வளர்ச்சிக் கணிப்பை வேண்டுமென்றே குறைத்து வைத்துக்கொண்டு, அதற்கு மேலும் 250 கோடி, பின்னர் 300 கோடி டாலர் என அவசரநிலைக்கு ஒதுக்கி, ஐந்தாண்டுக் கனவுகளைத் தள்ளிவைத்து இரண்டாண்டு இலக்கை மட்டும் அறிவித்தார். இலக்கு ஒவ்வொரு முறையும் எளிதாக எட்டப்பட்டது, சந்தையின் நம்பிக்கையும் திரும்பியது. வட்டிக்கடைக்காரன் முகத்தில் விழித்துப் பழகியவருக்கே வரும் எச்சரிக்கை அது.

ஆனால் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வேறு படம் தெரிகிறது. மருத்துவம், உயர்கல்வி, சமூக உதவி ஆகியவற்றுக்காக மாகாணங்களுக்குத் தரப்பட்ட ரொக்கம் சுமார் 1,850 கோடியிலிருந்து 1,250 கோடி டாலராகக் குறைந்தது. அதாவது ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசு குறைத்த சுமையில் ஒரு பகுதி மாகாணங்களின் தலையில் ஏறியது. மருத்துவமனைகளை மூடிய பழியும் அவற்றுக்கே போனது. வேலையிழப்புக் காப்பீட்டில் தொழிலாளரும் முதலாளிகளும் கட்டிய தொகை, கொடுக்கப்பட்ட உதவியைவிடப் பல ஆண்டுகள் அதிகமாக இருந்து, பொதுக் கணக்கில் கலந்தது; அவற்றில் சில ஆண்டுகளின் வசூல் சட்டப்படி செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அமெரிக்கப் பொருளாதாரத்தின் ஏற்றமும் இறங்கிய வட்டியும் இன்னொரு கை கொடுத்தன. எதிர்ப்பக்கத்தில் முற்போக்கு கன்சர்வேட்டிவ் கட்சி இரண்டே இடங்களுக்குச் சுருங்கியிருந்தது. பிரதான எதிர்க்கட்சியோ கியூபெக்கைப் பிரிக்க விரும்பியது. தன் சுமையை இன்னொரு அரசின் மேல் ஏற்றிவிட்டு நாடாளுமன்றத்தில் எதிர்ப்பில்லாமல் நிற்கும் வசதி எந்தக் கம்பெனிக்கும் கிடைக்காது. வெட்டுகளுக்கு எதிராகக் கொதித்த அமைச்சரவைக்குள் கிரெத்தியேன் பின்னால் நின்றதைத்தான் நான் தீர்மானகரமானதாகக் கருதுகிறேன். அவர் வாழ்நாள் முழுக்க அரசியல்வாதி.

தொழில் மார்ட்டினை விட்டு அகலவில்லை என்பது வேறு வகையில் தெரிந்தது. பதவியில் இருந்தவரை நிறுவனத்தை மற்றவர்கள் நடத்தினார்கள்; பெரிய விஷயங்களில் மட்டும் அவருக்குத் தகவல் சொல்லலாம் என்று ஏற்பாடு. வரிப்புகலிடங்களுக்கு, அதாவது வரி மிகக் குறைந்த நாடுகளுக்கு, எதிராக அவர் விதிகளை இறுக்கியபோது பார்படோஸுடனான வரி ஒப்பந்தம் தப்பியது. அவருடைய நிறுவனத்தின் வெளிநாட்டுக் கிளைகளும் பார்படோஸில் போய் அமர்ந்தன. 2002இல் ஆஸ்திரேலியாவின் போர்ட் பிரி துறைமுகத்தில் அதன் கப்பல் ஒன்று பஹாமாஸ் கொடிக்கு மாற்றப்பட்டு உக்ரைன் மாலுமிகள் கொண்டுவரப்பட்டபோது, உள்ளூர் மாலுமிகள் இறங்க மறுத்தார்கள். 2003இல் அவர் நிறுவனத்தை மூன்று மகன்களுக்கும் மாற்றிக் கொடுத்தார். ஆனாலும் 2004 ஜனவரியில், அந்நிறுவனம் பெற்ற அரசு ஒப்பந்தங்களும் உதவிகளும் முன்பு சொல்லப்பட்ட சுமார் 1.37 லட்சம் டாலர் இல்லை, 16.1 கோடி டாலர் என்று அரசே திருத்திச் சொல்ல நேர்ந்தது. முறைகேடு என்று எதுவும் நிரூபிக்கப்படவில்லை. வாக்காளர் மனத்தில் அந்த எண் நின்றுவிட்டது.

இரண்டாவது கேள்விக்கு விடை பெரும்பாலும் ஸ்பான்சர்ஷிப் ஊழலில் இருக்கிறது. கியூபெக்கில் கனடாவை விளம்பரப்படுத்த கிரெத்தியேன் ஆட்சியில் நடந்த அத்திட்டத்தில் 10 கோடி டாலருக்கு மேல் விளம்பர நிறுவனங்களுக்குக் கமிஷனாகவும் கட்டணமாகவும் போனதென்று 2004 பிப்ரவரியில் தலைமைத் தணிக்கையாளர் ஷீலா பிரேசர் அறிக்கை தந்தார். அப்போது புதிதாகப் பிரதமராகியிருந்த மார்ட்டின், நீதிபதி கொமெரியின் தலைமையில் விசாரணை வைத்தார். புதிதாகப் பொறுப்பேற்ற நிறுவனத் தலைவர் பழைய கணக்கைத் தணிக்கைக்கு விட்டால் பங்குதாரர்கள் அவரை மெச்சுவார்கள். கட்சியில் அது நடக்காது. வாசற்பலகையில் இருப்பது அதே பெயர். சாட்சியங்கள் நாள்தோறும் தொலைக்காட்சியில் ஓடின. ஆணையம் 2005 நவம்பரில் மார்ட்டின்மீது பழியில்லை என்றது. கிரெத்தியேனை முன்கூட்டியே ஒதுங்க வைத்த கசப்பால் பிளந்திருந்த கட்சிக்கு அதனால் பயனில்லை. 2004 தேர்தலில் 308இல் 135 இடங்களே கிடைத்திருந்தன. 2005 மே மாதம் அரசின் செலவு மசோதா 152க்கு 152 என நின்று, சபாநாயகர் வாக்கால் பிழைத்தது. நவம்பர் 28 அன்று நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அரசு விழுந்தது. 2006 ஜனவரி தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சியின் ஸ்டீபன் ஹார்ப்பர் வென்றார்.

ஸ்கார்பரோக்காரரான உங்களுக்கு 2000ஆம் ஆண்டு மே மாதம் டொரன்டோவில் தமிழ்ச் சங்கங்களின் கூட்டமைப்பு நடத்திய விருந்து நினைவிருக்கலாம். அந்தக் கூட்டமைப்பு புலிகளோடு தொடர்புடையது என்று குற்றம்சாட்டப்பட்டிருந்ததால், நிதியமைச்சராக அதில் கலந்துகொண்டதற்காக நாடாளுமன்றத்தில் மார்ட்டின் கடுமையாகத் தாக்கப்பட்டார், அவர் பின்வாங்கவில்லை. புலிகள் அமைப்பைக் கனடா தடைசெய்தது ஹார்ப்பர் வந்த பிறகு, 2006 ஏப்ரலில். மார்ட்டின் விருந்துக்குப் போனதை ஈழத்தின் மேலுள்ள அக்கறையென்று சிலர் எழுதுகிறார்கள். டொரன்டோத் தொகுதிகளின் வாக்குகளும் லிபரல் கட்சியின் பழைய குடியேறியோர் அரசியலும் கலந்த கணக்கு என்பது என் கருத்து. தந்தையிடமிருந்து வந்த பாடம் அதில் கப்பல் நிறுவனத்தைவிட அதிகம்.

அரசு விழுவதற்குச் சில நாள்கள் முன்பு, 2005 நவம்பரில், கெலோனா நகரில் பூர்வகுடித் தலைவர்களோடும் மாகாண முதல்வர்களோடும் அவர் எட்டிய உடன்பாட்டையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஐந்தாண்டுகளில் 500 கோடி டாலர் கல்வி, வீடு, குடிநீர், மருத்துவம் ஆகியவற்றுக்கு என்று அது சொன்னது. அடுத்து வந்த அரசு அதை நிறைவேற்றவில்லை. பதவி போனபின் மார்ட்டின் தன் நேரத்தைப் பூர்வகுடிக் குழந்தைகளின் படிப்புக்குக் கொடுத்தார். கப்பல் நிறுவனத்தின் தலைமைக்கு அவர் திரும்பவில்லை.